வெண்டிங் மெஷினில் கள்ளக் காசு: உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெண்டிங் மெஷினின் கல்லாவைக் கொட்டி எண்ணும்போது ஒரு கள்ளக் காசு கையில் தட்டுப்பட்டால், அந்த ஒரு காசின் மதிப்போடு நட்டம் நின்றுவிடலாம். நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் பிறகு உரிமையாளர் எடுக்கும் முடிவுகள்தான். சின்னத் தொழிலில் நாலைந்து மெஷினை ஒருவரே பார்த்துக்கொள்கிறார். அவசரத்தில் எடுக்கிற ஒரு தவறான முடிவு மாதக்கணக்கில் பணத்தைத் தின்னும்.

சகிப்பு அளவைத் தளர்த்துவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. "நல்ல காசையே துப்புகிறது" என்று வாடிக்கையாளர் குறை சொன்னதும், காயின் அக்செப்டரின் (காசைச் சோதித்து வாங்கும் பாகம்) சகிப்பு அளவை, அதாவது நல்ல காசின் அளவிலிருந்து எவ்வளவு விலகினாலும் ஏற்கலாம் என்ற எல்லையைக் கூட்டிவிடுகிறார்கள். புகார் நின்றுவிடும், ஆனால் அதே கதவு வழியாகக் கள்ளக் காசும் நுழையும்.

அக்செப்டர் காசின் படத்தையோ எழுத்தையோ பார்ப்பதில்லை. காசு சரிவில் உருண்டு போகும்போது காயில்கள் (மின்கம்பிச் சுருள்கள்) உலோகத்தின் தன்மையை அளக்கின்றன. பல மாடல்களில் ஒளிச் சென்சார்கள் விட்டத்தையும் அளக்கும். அந்த அளவுகள் முன்பே பதிந்த எல்லைக்குள் விழுந்தால் காசு உள்ளே போகும், இல்லையென்றால் திரும்பி வரும். ஓடுபாதையில் பிசுக்கு ஏறினால் காசு மெதுவாக உருளும், சாய்ந்து போகும், அளவும் பிசகும். ஆகவே நல்ல காசு திரும்பி வந்தால் முதலில் செய்ய வேண்டியது சுத்தம். மின்சாரத்தை நிறுத்துங்கள். பாதையைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். எண்ணெய் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், அடுத்த வாரமே தூசியைப் பிடித்துவைக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் சென்சார் போய்விடும். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் இதே கோளாறு வரும் என்பதால், மட்டக்கோல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நாமே காசைக் காட்டிக் கற்றுக்கொடுக்கும் விலை குறைந்த அக்செப்டர்களில் இன்னொரு பிழை நடக்கிறது. கையில் கிடைத்த மூன்று காசை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு மாதிரி எடுப்பார்கள். மூன்றும் புதுக் காசாக இருந்தால், தேய்ந்த நல்ல காசு எல்லாம் பிறகு நிராகரிக்கப்படும். உடனே அளவைத் தளர்த்தத் தோன்றும். குறைந்தது 20 காசாவது எடுங்கள். பழசு, புதுசு, தேய்ந்தது, வெவ்வேறு ஆண்டு என்று கலந்திருக்கட்டும். அதே மதிப்புக் காசு வேறு உலோகத்திலும் புழக்கத்தில் இருந்தால், மெஷினில் இடம் இருக்கும்வரை அதைத் தனி வகையாகப் பதியுங்கள். இரண்டையும் ஒரே வகையில் கலந்தால் எல்லை விரிந்துவிடும். சந்தேகம் உள்ள ஒரு காசுகூட மாதிரியில் சேரக் கூடாது. சேர்ந்துவிட்டால் அதன் அளவையும் மெஷின் நல்ல காசின் அளவாகவே எடுத்துக்கொள்ளும்.

சில்லறை டியூபை மறந்துவிடுவது

சில்லறை கொடுக்கும் மெஷினில் காசு நேராகக் கல்லாவுக்குப் போவதில்லை, முதலில் சில்லறைக்கான காசை அடுக்கிவைக்கும் டியூபை நிரப்புகிறது. மேலிருந்து விழும், அடியிலிருந்து வெளியேறும். ஒருவர் ஐந்து கள்ளக் காசைப் போட்டு, எதையும் வாங்காமல் ரத்துப் பொத்தானை அழுத்துகிறார் என்று வையுங்கள். அவர் போட்ட ஐந்தும் டியூபின் மேலே உட்கார்ந்துவிடும். அடியில் இருந்த ஐந்து நல்ல காசு அவர் கைக்குப் போய்விடும். பொருள் எதுவும் விற்கவில்லை, கணக்கும் சரியாகவே இருக்கும்.

ஜப்பானில் இது பெரிய அளவில் நடந்தது. கொரியாவின் 500 வான் காசும் அன்றைய 500 யென் காசும் விட்டத்தில் ஒன்று, 26.5 மில்லிமீட்டர். உலோகமும் ஒன்றே. எடை மட்டும் 7.7 கிராம், 7.2 கிராம் என்று வேறுபட்டது. வான் காசைக் குடைந்து எடையைக் குறைத்து, மெஷினில் போட்டு, காசைத் திரும்பப் பெறும் நெம்புகோலை இழுத்து நிஜ யென்னை எடுத்துக்கொண்டு போனார்கள். 2000-இல் ஜப்பான் அந்த நாணயத்தின் உலோகத்தையே மாற்றியது.

பல மெஷின்களின் அமைப்புப் பட்டியலில் "வாங்கினால்தான் சில்லறை" என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்குங்கள். இயக்கிய பிறகு, பொருள் தீர்ந்திருந்தால் பணம் முழுதும் திரும்புகிறதா என்று நீங்களே காசு போட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் நேர்மையான வாடிக்கையாளர்தான் மாட்டிக்கொள்வார்.

ஒரு மெஷினின் கல்லாவில் கள்ளக் காசு கிடைத்தால் அதன் டியூபையும் முழுவதும் காலி செய்ய வேண்டும். கையால் பார்த்த காசைக் கொண்டு மட்டுமே மறுபடி நிரப்புங்கள். டியூபில் தங்கும் கள்ளக் காசு அடுத்த வாடிக்கையாளருக்குச் சில்லறையாகப் போகும். கொடுத்தது உங்கள் மெஷின்.

காந்தத்தை மட்டும் நம்புவது

"காந்தத்தில் ஒட்டினால் போலி" என்பது எல்லாக் காசுக்கும் பொருந்தாது. எஃகில் அடித்த நல்ல நாணயங்கள் பல நாடுகளில் புழங்குகின்றன, அவை ஒட்டத்தான் செய்யும். அதே வகை நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் காந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

காசுகளை இருபது இருபதாக அடுக்கி, விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மங்கியது, வரிவரியான வெட்டு ஆழம் குறைந்தது எல்லாம் அடுக்கில் தனியாகத் தெரியும். நல்ல காசு இருபதின் அடுக்கைப் பக்கத்தில் வைத்து உயரத்தையும் ஒப்பிடலாம். சந்தேகப்பட்டதை 0.01 கிராம் வரை காட்டும் தராசிலும் வெர்னியர் காலிப்பரிலும் அளந்துவிடுங்கள். தேய்ந்த நல்ல காசின் எடையும் சற்றுக் குறையும், எனவே எடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடும் பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும் இருந்தால், அது அச்சில் ஊற்றி வார்த்த காசாக இருக்கலாம். காசின் மேல்நுனியையும் கீழ்நுனியையும் விரலால் பிடித்துச் சுழற்றி, பின்பக்கப் படம் கோணலாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லா மெஷின் காசையும் ஒரே பையில் கொட்டுவது

கலந்துவிட்டால் எந்த மெஷினில் விழுந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மெஷினுக்கு ஒரு பை, அதில் எண்ணும் தேதியும். நோட்டில் நான்கு விவரம் போதும்: மெஷின் காட்டும் வசூல், கையில் எண்ணிய தொகை, கள்ளக் காசு எத்தனை, வெளிநாட்டுக் காசோ டோக்கனோ எத்தனை.

மெஷின் காட்டும் தொகையும் எண்ணிய காசின் எண்ணிக்கையும் ஒத்துப்போய், அதில் சில போலியாக இருந்தால் பிரச்சினை அக்செப்டரின் தேர்வில். மெஷின் கணக்கில் அதிகம், கல்லாவில் குறைவு என்றால் அது கள்ளக் காசே இல்லாமல் இருக்கலாம். நூலில் கட்டிக் காசை இழுத்தெடுக்கிறார்கள், அல்லது மின்பொறி (ஸ்பார்க்) தட்டி, காசு விழுந்தது போன்ற பொய்த் துடிப்பை (மின் சைகை) உண்டாக்குகிறார்கள். நூலைத் தடுக்கும் நெம்புகோல் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். பொய்த் துடிப்பு என்றால் வயரையும் எர்த் இணைப்பையும் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் சகிப்பு அளவைக் கூட்டிக் குறைத்துப் பயன் இல்லை.

ஒரே மெஷினில் ஒரே குறையுள்ள போலி திரும்பத் திரும்ப விழுந்தால், அந்த மதிப்பை மட்டும் சில நாள் மூடிவைக்கலாம். சேஞ்சரிலோ (காசை வாங்கிச் சில்லறை கொடுக்கும் பாகம்) மெஷினின் அமைப்பிலோ குறிப்பிட்ட காசை மட்டும் தடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும்.

கிடைத்த போலியை வேறெங்காவது தள்ளிவிடுவது

நமக்கு யாரோ கொடுத்தது, நாமும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். தெரிந்தே கொடுப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். தனி உறையில் போட்டு, மெஷின் எண், தேதி எழுதி, வங்கியிலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். அதற்கு ஈடாகப் பணம் கிடைக்காது, நட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மெஷினில் சில்லறையாகப் போலி வந்தது என்று ஒருவர் கொண்டுவந்து காட்டினால் வாக்குவாதம் வேண்டாம். பணத்தைக் கொடுத்துவிட்டு, நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, டியூபைத் திறந்து பாருங்கள்.

நாணய மாற்றத்தைக் கவனிக்காமல் விடுவது

பிரிட்டனில் 12 பக்க ஒரு பவுண்டு காசு 2017 மார்ச்சில் வந்தது. பழைய வட்டக் காசு அதே ஆண்டு அக்டோபர் 15-உடன் செல்லாமல் போனது. இடைப்பட்ட மாதங்களில் இரண்டையும் மெஷின் வாங்க வேண்டியிருந்தது. பிறகு பழையதை நிறுத்தியாக வேண்டும். இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் இரண்டு தேதியையும் நோட்டில் எழுதுங்கள்: புதிய காசைச் சேர்க்கும் நாள், பழையதை நீக்கும் நாள். புதியதைச் சேர்க்காவிட்டால் வாடிக்கையாளர் வந்து சொல்லிவிடுவார். பழையதை நீக்காவிட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். செல்லாக்காசும் அதன் போலியும் கல்லாவில் விழுந்துகொண்டே இருக்கும்.