சாலை விபத்து இழப்பீடு: முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டிய ஆதாரங்கள்

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடுதான் (ஏ.ஆர். காப்பி) வழக்கின் முதல் சாட்சி. பதற்றத்தில் யாராவது "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால் அப்படியே பதிவாகிவிடும். பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். எந்த வண்டி, எப்படி மோதியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலில் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடித்த வண்டியின் நம்பர் பிளேட், சேதம், சாலை எல்லாவற்றையும் உடனே போட்டோ எடுங்கள். பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே போலீசிடம் சொல்லுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும்.

மருந்து பில்கள் பெரும்பாலும் தெர்மல் தாளில் வருபவை. சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும், அதனால் வாங்கிய கையோடு ஜெராக்ஸ் எடுங்கள். ஆட்டோ செலவையும் தேதியோடு குறித்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சம்பளச் சான்று, வேலைக்குப் போகாத நாட்களுக்கான லீவு கடிதம், நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழுவின் சான்றிதழ், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் மனு போட 6 மாதம்தான் தருகிறது. கட்டுப் பிரிக்கும்வரை காத்திருக்காமல் வக்கீலைப் பாருங்கள். வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.