பின்லாந்து ஏரிக்காட்டில் கிராவல் சைக்கிள்: பலரும் சறுக்கும் இடங்கள்

கார் இல்லாத சாலை கிடைத்தால் போதும், மீதி எல்லாம் தானாக நடந்துவிடும் என்ற நினைப்பில்தான் பலரும் பின்லாந்தின் சைமா ஏரிப் பக்கம் கிராவல் சைக்கிளை (சரளைச் சாலைக்கென்றே அகலமான டயரோடு வரும் சைக்கிள்) தூக்கிக்கொண்டு போகிறார்கள். நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு, சின்னதும் பெரியதுமாக சுமார் 1,88,000 ஏரிகள், நடுவே வளைந்து வளைந்து சரளைச் சாலைகள், மணிக்கணக்காக மிதித்தாலும் எதிரே ஒரு வண்டி வராது. எல்லாம் சரி. ஆனால் வண்டி வராத சாலையில் வண்டியோடு சேர்ந்து வரும் மற்ற சங்கதிகளும் இருக்காது. கடை இருக்காது, வழிகாட்டிப் பலகை இருக்காது, செயின் அறுந்தால் கை காட்டி நிறுத்த ஆள் இருக்காது. அங்கே நடக்கும் தவறுகளில் பாதி, இதை மறந்துவிடுவதால் வருபவை.

முதல் தவறு வீட்டிலேயே, திரை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே நடந்துவிடுகிறது. வரைபடத்தில் இரண்டு இடங்களைத் தொட்டால் வழிகாட்டும் செயலி நடுவே ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறது, நாமும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறோம். அந்தக் காட்டுச் சாலைகளில் ஏராளமானவை ஊருக்கு ஊர் போகப் போட்டவை அல்ல, வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுவரப் போட்டவை. மரம் எதுவரை வெட்டினார்களோ அதுவரை சாலை. அப்புறம் லாரி திரும்ப ஒரு வட்டம், சுற்றிலும் பைன் மரம், கதை முடிந்தது. அந்த வட்டத்துக்கும் அடுத்த சாலையின் முனைக்கும் வரைபடத்தில் பார்த்தால் 600 மீட்டர்தான் இருக்கும், தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று தோன்றும். நானும் அப்படி நினைத்து இறங்கியவன்தான். முதல் இருபது அடிக்குப் பாசி மெத்தென்று இருந்தது, அப்புறம் கணுக்கால் வரை சேறு, அப்புறம் முழங்கால் வரை சதுப்பு. சைக்கிளைத் தோளில் போட்டதில் இரண்டு கையும் மாட்டிக்கொள்ள, முகத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்கக்கூட வழியில்லை. அந்த 600 மீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இதைவிடக் குசும்பு பிடித்த கோடு ஒன்று உண்டு. குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டி ஓட்டும் தடங்களும் சில வரைபடங்களில் பாதை மாதிரியே தெரியும். எல்லாம் உறைந்து கிடக்கும்போது அவை சதுப்பின் மேலும் ஏரியின் மேலும் நேராகப் போகும். ஜூலையில் அதே கோட்டைப் பிடித்துப் போனால் நீந்தத்தான் வேண்டும். செயலி போட்ட பாதையை அந்நாட்டு நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். 2012-லிருந்து அந்தத் தரவு எல்லோருக்கும் இலவசம், சதுப்பு எங்கே, சாலை எங்கே நின்றுபோகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஏரி நாட்டில் தூரக் கணக்கும் வேறு. சைமாவின் கரை மட்டும் 13,000 கிலோமீட்டருக்கு மேல், அத்தனை மடிப்பு. எதிர்க்கரை வீட்டில் கொடியில் துணி காய்வது கண்ணுக்குத் தெரியும், அங்கே போய்ச் சேர அரை நாள் சுற்ற வேண்டியிருக்கும். பொதுச் சாலை தண்ணீரில் முடியும் இடங்களில் லொஸ்ஸி என்கிற மஞ்சள் நிறத் தெப்பப் படகு நிற்கும், சாலையின் ஒரு பகுதியாகவே அதைக் கருதுவதால் கட்டணம் கிடையாது. ஆனால் எல்லாப் படகும் அப்படியில்லை. பூமாலா ஊரைச் சுற்றி சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு தீவுப் பாதை இருக்கிறது (பெயரைக் கேட்டதும் நமக்கு வேறு ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது), அதில் ஒரு இடத்தில் கோடையில் மட்டும் ஓடும் படகை நம்பியாக வேண்டும். அட்டவணையைப் பார்க்காமல் செப்டம்பரில் போய் நின்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

'ஏரிப் பிரதேசம்தானே, சமதளமாக இருக்கும்' என்று கியர் விஷயத்தில் அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு. பெரிய மலை இல்லைதான். பனியுகம் விட்டுப்போன மேடுகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் சிறியது, செங்குத்தானது, ஏறி இறங்கி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். மாலைக்குள் தொடை கணக்குச் சொல்லிவிடும்.

சரளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். லாரிச் சக்கரம் போன இரண்டு தடமும் சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும், அவற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் குவிந்திருக்கும். ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும்வரை பிரச்சினை இல்லை. இறக்கத்தில், அதுவும் வளைவில், ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முன் சக்கரம் அந்தக் குவியலில் புதையும், பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடித்தால் முழங்கை தோல் போச்சு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போனதும் பிரேக்கை விட்டுவிடுங்கள். சாலையைச் சமப்படுத்தும் இயந்திரம் அன்று காலைதான் போயிருக்கிறது என்றால் இறுகிய தடமே இருக்காது, போகும் தூரமெல்லாம் மணலில் மிதிப்பது போலத்தான். தூசி அடங்க கால்சியம் குளோரைடு உப்பு தூவுவார்கள், மழை பெய்தால் அது பசை போல ஒட்டி செயினையும் போல்ட்டையும் அரிக்க ஆரம்பித்துவிடும், அன்று ராத்திரியே கழுவிவிடுவது நல்லது. டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறைவாக வேண்டாம். 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ், 70 கிலோ ஆள் என்றால் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கல்லு மாதிரி காற்றடித்துக்கொண்டு போனால் டயர் தப்பிக்கும், மணிக்கட்டு தப்பிக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் டிக்கெட் மலிவு என்று போய்விடாதீர்கள். அப்போது மேல்மண் இளகிவிடும், அடியில் இன்னும் உறைந்திருக்கும், நடுவில் சிக்கிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் சாலையே கூழாகும். கெலிரிக்கோ என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

வண்டியே வராது என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வருவது அபூர்வம், ஆனால் வந்தால் அது 76 டன் வரை எடையுள்ள மர லாரியாக இருக்கலாம். இரண்டு காதிலும் பாட்டு ஓடவிட்டுக்கொண்டு நடுச்சாலையில் போவது ஆபத்து. அப்புறம் ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையே வரும் சனிக்கிழமையில் யுஹன்னுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகை விடுமுறை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நகரமே காலியாகி ஏரிக்கரை வீடுகளுக்குக் கிளம்பும், காலியாக இருந்த சரளைச் சாலையெல்லாம் தூசி மண்டலமாகிவிடும். கடைகளும் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

கடை என்றதும் இன்னொன்று. ஜூனில் இரவு பத்தரைக்குக்கூட வெளிச்சம் இருக்கும், அதை நம்பி 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று மிதித்துக்கொண்டே போவோம், வயிறு பசிக்கும்போது அடுத்த கடை 35 கிலோமீட்டர் தள்ளி, அதுவும் பூட்டியிருக்கும். ஏரித் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்கலாம்தான், ஆனால் வெயில் காலத்தில் கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல நீலப்பச்சைப் பாசி மிதந்தால் அதைத் தொடாதீர்கள், அந்த நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

பின்லாந்தில் அடுத்தவர் காட்டிலும் தனியார் சாலையிலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், ஓரிரு இரவு கூடாரம் போடலாம், காட்டுப் பழம் பறிக்கலாம், சட்டமே இடம் தருகிறது. இதைக் கேட்டதும் எங்கு வேண்டுமானாலும் எதையும் செய்யலாம் என்று நினைப்பதுதான் தவறு. வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது. நில உரிமையாளரிடம் கேட்காமல் தீ மூட்டக் கூடாது. காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருக்கும் நாளில் காட்டில் திறந்த தீயே கூடாது. தேசியப் பூங்காக்களில் சைக்கிளுக்குத் தனி விதி, நுழையுமுன் பலகையைப் படியுங்கள்.

உண்ணிக் கடியைப் பலர் கொசுக்கடி மாதிரி விட்டுவிடுகிறார்கள். லைம் நோய் வரலாம், தினமும் குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். போனில் '112 சுவோமி' என்ற அவசர உதவிச் செயலியைப் போட்டு வையுங்கள், அவசரத்தில் அதன் வழியாக அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் தானாகப் போய்ச் சேரும், பெயரில்லாத காட்டுச் சாலையில் 'எங்கே இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு வேறு பதில் கிடையாது. அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போகிறவர்கள், கருப்பு ஜெர்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அது எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடும் மாதம்.