ஓர் அணு அகலச் செப்புப் பாலம் கட்டுவது எப்படி

இரண்டு மெல்லிய செப்புக் கம்பிகள். நுனியை மட்டும் விட்டு மீதிக்கு கியூட்டெக்ஸ் பூசிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பி முழுக்கக் கரைசல் வழியே மின்னோட்டம் கசிந்து அளவீட்டைக் கெடுக்கும். நுனிகளை மயிரிழை இடைவெளியில் நேருக்கு நேர் வைத்து, ஐதான செப்பு சல்பேற்றுக் கரைசலில் அமிழ்த்துங்கள். தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். நான் முதலில் மட்டக்களப்பு வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினேன், அதிலுள்ள குளோரைட்டு செப்பில் ஒட்டிக்கொண்டு கடத்துதிறனையே (மின்னோட்டத்தை எவ்வளவு எளிதாக விடும் என்பதை) மாற்றிவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சரி, இனி முக்கியமான இடம். 12 கிலோ ஓம் தடையைத் தொடராகப் போட்டு, சில நூறு மில்லிவோல்ற்று மட்டும் கொடுங்கள். நேர்முனைக் கம்பி கரையும், எதிர்முனைக் கம்பியில் செப்பு படிந்து வளரும். நுனிகள் ஒரே ஓர் அணுவால் தொடும்போது அந்தத் தொடுகையின் தடை ஏறக்குறைய 12.9 கிலோ ஓம், அதாவது கடத்துதிறன் 77.5 மைக்ரோசீமன், ஆகவே கொடுத்த மின்னழுத்தத்தில் பாதியளவு தொடர்தடைக்குப் போய்விடும். பாலம் தடிக்கத் தடிக்க இடைவெளிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைவதால் வளர்ச்சியும் தானாகவே தளர்ந்துவிடும், இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன்.

கடத்துதிறன் படிப்படியாகத் தாவுவதைப் பார்க்க மல்ரிமீற்றர் போதாது, அலைவுகாட்டி (ஒசிலோஸ்கோப்) வேண்டும். பாலம் தடித்துவிட்டதா? நேர், எதிர் முனைகளை இடம் மாற்றுங்கள், கரையத் தொடங்கும்.