ஒரே பெயருள்ள தீவுகளை வரைபடத்தில் பிரித்தறியும் முறை

நிலப்பட நூலின் பெயரடைவில் கிறிஸ்துமஸ் தீவைத் தேடினால் இரண்டு இடங்கள் கிடைக்கும். ஒன்றை 1643 டிசம்பர் 25 அன்று வில்லியம் மைனர்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கடந்து சென்றார். மற்றொன்றை 1777 டிசம்பர் 24 அன்று ஜேம்ஸ் குக் அடைந்தார். இருவருமே நாட்காட்டியைப் பார்த்துப் பெயர் வைத்ததால், பெயரிலிருந்து இடத்தை அறிய வழியில்லை.

முதற்படியாக, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் திசையுடன் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆஸ்திரேலியாவின் தீவு தெற்கு 10.5, கிழக்கு 105.7 பாகையிலும், பசிபிக்கில் உள்ள கிரிபட்டி நாட்டின் தீவு வடக்கு 1.9, மேற்கு 157.4 பாகையிலும் இருக்கின்றன. இணைய வரைபடங்களில் மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறி இட வேண்டும்; அதை விட்டுவிட்டால் பாப்புவா நியூ கினிக்கு வடகிழக்கே வெறும் கடலில்தான் போய் நிற்பீர்கள்.

இரண்டாம் படியாக, இடைவெளியைக் கணக்கிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 105.7-ஐயும் 157.4-ஐயும் கூட்டினால் 263.1 பாகை வருகிறது. ஆனால் இது கிரீன்விச் வழியாக உலகைச் சுற்றிச் செல்லும் நீண்ட பாதை. கூட்டுத்தொகை 180-ஐத் தாண்டினால் அதை 360-இலிருந்து கழிக்க வேண்டும் என்பதால், சரியான விடை 96.9 பாகையே. நிலநடுக்கோட்டையொட்டி ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று கொண்டால், இரு தீவுகளுக்கும் இடையே 10,700 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கிடக்கிறது.

மூன்றாவதாக, நில அமைப்பைப் பாருங்கள். ஆஸ்திரேலியத் தீவு, கடலடி எரிமலையின் உச்சி. அதன் உயரம் 361 மீட்டர். பசிபிக் தீவோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்களே உயர்ந்த, காயலைச் சூழ்ந்த பவளத்திட்டு. ஆயினும் நிலப்பரப்பில் முன்னதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு.

அடுத்து, உள்ளூர்ப் பெயரைக் கேட்டறியுங்கள். கிரிபட்டி மொழியில் 'டி' என்று எழுதுவதை 'ஸ்' என ஒலிப்பதால், எழுத்தில் 'கிரிட்டிமட்டி' என்றிருப்பது வாயில் 'கிரிஸ்மஸ்' ஆகிவிடுகிறது. ஆங்கிலப் பெயரே வேறு உடையில் வந்திருக்கிறது என்பதை அறியாமல், இதை மூன்றாவது தீவாக எண்ணிவிடாதீர்கள்.

நேரத்தை மட்டும் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். ஹவாய்க்கும் கிரிட்டிமட்டிக்கும் கடிகார நேரம் ஒன்றே. ஆனால் கிரிபட்டி நாட்டின் தீவுகள் அனைத்துக்கும் ஒரே தேதி வேண்டுமென 1995-இல் தேதிக்கோட்டை நகர்த்தியதால், அங்கே தேதி ஒரு நாள் முந்தியிருக்கிறது.

இனிச் செயின்ட் பால் தீவில் இதே முறையைப் பழகிப் பாருங்கள். வடக்கு 57, மேற்கு 170 என்று வந்தால் அது அலாஸ்காவையொட்டிய பெரிங் கடலில், மக்கள் வாழும் தீவு. தெற்கு 38, கிழக்கு 77 என்று வந்தால், எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து நிற்கும், குடியிருப்பற்ற பிரெஞ்சுத் தீவு.