சென்னைக்கு வருகிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு ஒரு பேட்டை போதும்

வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் பிள்ளைகளோடும் நண்பர்களோடும் சென்னைக்கு வரும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். மெரினா, கபாலீஸ்வரர் கோயில், சாந்தோம், கோட்டை, தி.நகர், முடிந்தால் மாமல்லபுரம். காரில் ஏறினால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பாதி நாள் சிக்னலிலேயே போய்விடும். இந்த ஊர்க்காரனாக நான் எல்லோருக்கும் சொல்வது, ஒரு நாளைக்கு ஒரு பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் நடந்தே பாருங்கள் என்பதுதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் ஒரு சுற்று, மாலை நான்கரைக்கு மேல் இன்னொரு சுற்று. உச்சிவெயிலில் தெருவில் நிற்க வேண்டாம்.

முதல் நாள் மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயில் நடை பகல் பன்னிரண்டு வாக்கில் சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே புன்னை மரத்தடிச் சன்னிதியில், மயில் உருவில் அம்பாள் சிவனைப் பூசிக்கும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊர்ப்பெயரின் கதை அங்கேயே இருக்கிறது. வெளியே வந்ததும் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள். நவராத்திரி சமயம் என்றால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள். காலைச் சிற்றுண்டிக்கு அருண்டேல் தெரு ராயர் மெஸ். சின்ன இடம், காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அந்தப் பொங்கலுக்கும் கெட்டிச் சட்னிக்கும் காத்திருக்கலாம்.

அங்கிருந்து கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் வரை நடக்கலாம். புனித தோமையாரின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின்மேல் எழுந்த தேவாலயம் அது; இப்போதுள்ள கட்டடம் 1896-இல் முடிந்தது. பழைய கபாலீஸ்வரர் கோயில் இந்தக் கடலோரத்தில்தான் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தபின் இப்போதைய இடத்தில் கட்டப்பட்டது என்பது பரவலான கருத்து. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அந்தச் சாலையே வேறு மாதிரி தெரியும். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் சாலைகள் திருப்பிவிடப்படுவதால் இங்கே கார் தொல்லைதான்.

நடுப்பகலுக்கு எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. வேறு எதையும் பார்க்காவிட்டாலும் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகமும் அப்படியே.

இரண்டாம் நாள் மாலை கடற்கரை ரயில் நிலையம் பக்கம் வாருங்கள். உயர்நீதிமன்றக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு பர்மா பஜார் எதிர்ச் சந்துகளுக்குள் போனால் அத்தோ கடைகள். நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. டொராண்டோவிலோ சிட்னியிலோ வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சாப்பிடக் கொடுங்கள். எந்த நினைவுச்சின்னத்தையும்விட இது அவர்களுக்கு நெருக்கமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். டீக்கடை வரை ஜிபேதான் (கூகுள் பே), ஆனால் வெளிநாட்டு எண்ணோடு வருகிறவர்களுக்கு அது சுலபமில்லை. ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவைச் செயலியில் பிடித்தால் பேரம் மிச்சம். விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது, நேரே சென்ட்ரல் வரை வரலாம், நள்ளிரவில் இறங்குகிறவர்கள் மட்டும் டாக்ஸி பாருங்கள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தால் மறக்காமல் எடுத்துவாருங்கள். அது இருந்தால் மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் இந்தியர்களுக்கான கட்டணமே உங்களுக்கும். வருவதற்கு நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மார்கழிக் கச்சேரிகளும் சபா கேன்டீன்களும் அப்போதுதான். நவம்பர் மழையையும் மே மாதத்தையும் தவிருங்கள்.

மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையோரமே உள்ளிழுக்கும் கடல் அது; நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். நீச்சல்குளத்தில் பழகிய பிள்ளைகளிடம் இதைக் கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.