வாரிசு வேலைக்கு மனு கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுக்கும் கோப்புகளைப் பல வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் தெரிந்தவர்கள் காகிதக் கட்டோடு வீட்டுக்கு வருகிறார்கள். அந்தக் காலத்துக் குடும்பங்கள் செய்த அதே தவறுகள்தான், ஒன்றுகூட மாறவில்லை. பெயரில் எழுத்துப் பிழை, ஒட்டாத புகைப்படம் போன்றவற்றை அலுவலகத்திலேயே சொல்லித் திருத்திவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன். கீழே உள்ளது தமிழ்நாடு அரசு ஊழியர் குடும்பங்களுக்கு.

பையன் வளரட்டும் என்று காத்திருப்பது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். ஊழியர் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சிறு பிள்ளைக்காக இந்த வேலையைப் பத்திரப்படுத்தி வைக்க வழியே இல்லை என்பது புரியும். ஆனால் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு அது புரிவதில்லை.

ஓட்டுநர் ஒருவர் இறந்தார். மகன் ஆறாம் வகுப்பு. மனைவி பத்தாம் வகுப்பு தேறியவர். இளநிலை உதவியாளர் பணிக்கே அந்தப் படிப்பு போதும். வீட்டுப் பெரியவர் ஒருவர், "நீ எதுக்கும்மா ஆபீஸ் படி ஏறணும்? அந்த வேலை பையனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா தையல் வேலை செய்து பிள்ளையை வளர்த்து, 18 முடிந்ததும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். காலங்கடந்த மனு என்று நிராகரித்தார்கள். வேறென்ன எழுத முடியும்? அறிவுரை சொன்ன பெரியவர் அன்றைக்கு உடன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீதிமன்றம் போனால் கிடைக்கும் என்பார்கள். உச்ச நீதிமன்றம் 1994லேயே சொல்லிவிட்டது: சம்பாதித்தவர் திடீரென்று போனதால் வரும் நெருக்கடியைக் குடும்பம் தாண்டுவதற்குத்தான் இந்த வேலை, இது சொத்துபோல வாரிசுக்கு இறங்கும் உரிமை கிடையாது. பத்து வருடம் எப்படியோ சமாளித்த குடும்பத்திடம், இப்போது என்ன நெருக்கடி என்றுதான் கேட்பார்கள். ஹரியானாவில் 1997ல் ஒரு காவலர் இறந்தபோது மகனுக்கு ஏழு வயது. வயது வந்தபின் அவர் கேட்ட வேலையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

"எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைச்சுதே" என்பார்கள். விசாரித்தால் அவர் அப்பா ரயில்வேயில் இருந்திருப்பார். அங்கே விதி வேறு. மத்திய அரசு அலுவலகங்களுக்கும் வேறுதான்: நேரடி நியமனத்துக்கான காலியிடங்களில் 5 சதவீதத்துக்குள்தான் கருணை நியமனம்.

ஆகவே மனைவியோ கணவரோ தகுதியோடு இருந்தால் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்குப் படிப்பு இல்லை, ஊழியர் இறந்தபோது மூத்த பிள்ளைக்கு 16 வயது என்றால், 18 முடிந்த அடுத்த வாரமே மனு கொடுங்கள், மூன்று ஆண்டுக்குள் அடங்கிவிடும். மைனர் பெயரில் இப்போதே ஒரு மனு கொடுத்து வைத்தால் போதும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

எல்லாச் சான்றும் சேரட்டும் என்பது

வாரிசுச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் வேறு யாரும் அரசுப் பணியில் இல்லை என்ற சான்று எல்லாமே வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வர வேண்டும். நாளாகும். கையில் இருப்பதை வைத்து மனுவைக் கொடுத்துவிடுங்கள். குறையைக் கேட்டுக் கடிதம் வந்தால் பின்னால் சேர்க்கலாம். தேதி போனால் அதைச் சேர்க்க முடியாது.

ஒப்புகை வாங்காமல் திரும்புவது

மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேலை என்பதில் சண்டை

மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அண்ணன் தம்பி வழக்கு முடிவதற்குள் மூன்று ஆண்டு ஓடிவிடும். ஒருவருக்குக் கொடுத்த வேலையை அப்புறம் இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. அம்மாவை யார் வைத்துப் பார்த்துக்கொள்வார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். யார் அதிகம் படித்தவர் என்பது இரண்டாம்பட்சம்.

தரகர்

வேண்டாம்.

வந்த பதவியை வேண்டாம் என்பது

பொறியியல் படித்திருந்தாலும் கிடைப்பது சி, டி பிரிவுப் பணிதான், அதாவது இளநிலை உதவியாளர், அலுவலக உதவியாளர் போன்ற கீழ்நிலைப் பணி. அலுவலக உதவியாளர் ஆணை வந்தால் சேர்ந்துவிட்டுத் துறைத் தேர்வு எழுதுங்கள்.