குடும்பக் கட்டுப்பாடு: எங்கே கோட்டை விடுகிறோம்?

இனி குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகுதான் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் தவறே அதுதான். நிறுத்துவது இருக்கட்டும், இடைவெளி விடுவதுதான் தாயின் உடம்புக்குப் பெரிய காப்பு. ஒரு பிரசவம் ஆனால் குறைந்தது 24 மாதம் கழித்தே அடுத்த கர்ப்பத்துக்கு முயலச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சீக்கிரமே மறுபடி உண்டானால் ரத்தசோகை, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று சிக்கல்களுக்கு வாய்ப்பு கூடும்.

மக்கள்தொகை விஷயத்திலும் இப்படி ஒரு தப்புக்கணக்கு உண்டு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை என்று, அதாவது பெற்றோரின் இடத்தை நிரப்பும் அளவுக்கு இறங்கிவிட்டால் பெருக்கம் உடனே நின்றுவிடாது, ஏனென்றால் முன்பு அதிகமாகப் பிறந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருப்பார்கள், அவர்கள் ஆளுக்கு இரண்டோடு நிறுத்தினாலும் சில பத்தாண்டுகள் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். முதல் குழந்தையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டாலே அந்த வேகம் குறையும்.

சரி, வீட்டுக்குள் வருவோம். "பால் கொடுக்கிறேன், மாதவிலக்கும் வரவில்லை, அப்புறம் எப்படி உண்டாகும்?" நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தாய்ப்பால் காப்பது உண்மை, ஆனால் குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் திரும்பாமல் இருக்கும்வரைதான். இதில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. சினைமுட்டை வெளியாகி இரண்டு வாரம் போலக் கழித்துத்தான் விலக்கு வரும். முதல் விலக்கு வரட்டும் என்று காத்திருந்தால் அது வராமலே கர்ப்பமாகலாம்.

தோழிக்கு ஒத்துக்கொண்ட கருத்தடை மாத்திரையை நாமும் வாங்கிப் போடுவது இன்னொன்று. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை ஆகாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடும், ஆகவே வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உறவுக்குப் பின் போடும் அவசர மாத்திரை அவசரத்துக்கு மட்டும், வழக்கமான முறையாக அதை நம்ப வேண்டாம்.

ஆண்கள் பக்கம் வந்தால் பேச்சே வேறு. வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை, பெண்ணுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, ஆண்மையும் குறையாது. இருந்தும் கத்திக்கு முன்னால் மனைவியைத்தான் அனுப்புகிறார்கள். துணிந்து செய்துகொள்பவர்களிலும் சிலர் மறுநாளே கவலை விட்டது என்று இருந்துவிடுகிறார்கள். விந்துக் குழாயில் விந்தணு மிச்சம் இருக்கும் என்பதால் 3 மாதம் ஆணுறை கட்டாயம். அதன் பிறகு விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று வந்தால்தான் அதை விடலாம்.